சாதனை ஊக்கமும் உப்பளமும்: டேவிட் மெக்லெலண்டின் உளவியல் குறித்து ஒரு திறனாய்வு

நம் சபைகளின் வாலிபர் முகாம்களில் வேத ஆராய்ச்சிக்கு அடுத்தபடியாக இடம்பெறுவது 'முன்னேற்றப் பயிற்சி' என்றோ 'ஆளுமை வளர்ச்சி' என்றோ பெயர் சூட்டப்பெற்ற ஒரு வகுப்பாகும். இலக்கொன்றை வகுத்துக்கொள், உன்னால் இயலும் என நம்பு, முயன்றால் உயர்வாய் என்பதே அவ்வகுப்பின் சாரம். அரசும் வங்கிகளும் நடத்தும் தொழில்முனைவோர் பயிற்சிகளிலும் இதே குரல் ஒலிக்கிறது. இக்குரலின் ஊற்றுக்கண்களுள் ஒன்று, அமெரிக்க உளவியல் அறிஞர் டேவிட் மெக்லெலண்ட் நடத்திய ஆய்வுகளாகும். அவருடைய பெயரை நம் இறையியல் மாணவருள் பலர் அறியார். அவருடைய கருத்தோ, பெயரின்றியே நம் பிரசங்க பீடங்களிலும் உலவி வருகிறது.

அவரைக் குறித்து இறையியல் ஏடொன்றில் எழுதுவதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, புராட்டஸ்டண்டு நெறிக்கும் பொருளாதார வளர்ச்சிக்கும் உள்ள உறவைத் தம் ஆய்வின் நடுவே வைத்தவர் அவர். இரண்டாவது, தம் கோட்பாட்டை நம் நாட்டிலேயே, அதுவும் அண்டை மாநிலமாகிய ஆந்திராவின் காக்கிநாடாவில் செயல்படுத்திப் பார்த்தார். மூன்றாவது, அவருடைய சிந்தனை தொடங்கிய இடத்திலேயே நின்றுவிடவில்லை. அது சென்று சேர்ந்த இடம் ஆயர் பணிக்கு மிக அணுக்கமானது. ஆகவே அவரைப் போற்றுவதோ தூற்றுவதோ நம் நோக்கமன்று. நிறுத்துப் பார்ப்பதே நோக்கம்.

1. வாழ்வும் மரபும்

மெக்லெலண்ட் 1917ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் நியூயார்க் மாநிலத்து மவுண்ட் வெர்னன் நகரில் பிறந்தார். தந்தையார் மெதடிஸ்டு போதகர். பின்னர் இல்லினாய் மாநிலத்துப் பெண்கள் கல்லூரி ஒன்றின் தலைவராய் விளங்கியவர். மகன் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் 1938இல் இளங்கலைப் பட்டமும், மிசௌரியில் 1939இல் முதுகலைப் பட்டமும், யேலில் 1941இல் முனைவர் பட்டமும் பெற்றார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், குவேக்கர் எனப்படும் நண்பர் சங்கத்தாரின் பணிக்குழுவில் பிலடெல்பியா நகரில் ஊழியஞ்செய்தார். அவர்தம் துணைவியார் அச்சங்கத்தவர்; அவரும் அதிலேயே இணைந்தார். வெஸ்லியனில் ஆசிரியராய் இருந்தபின் 1956இல் ஹார்வர்டுக்குச் சென்று, 1987வரை அங்கே கற்பித்தார். அதன்பின் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, 1998 மார்ச் 27ஆம் நாள் மறைந்தார்.

உழைப்பைக் கடமையாகப் போதித்த மெதடிஸ்டு இல்லமும், அமைதியில் உள்ளொளிக்குக் காத்திருக்கும் குவேக்கர் ஆராதனையும் ஆகிய இவ்விரண்டும் அவருள் இறுதிவரை ஒன்றோடொன்று உரையாடிக்கொண்டிருந்தன என்று நாம் கருதுகிறோம். 'சாதிக்கும் சமுதாயம்' என்னும் நூலை எழுதிய அதே காலத்தில், உளப்பகுப்பாய்வையும் சமய அனுபூதியையும் ஒப்பிட்டும் அவர் எழுதினார். அவர் தலைமை ஏற்றிருந்த ஹார்வர்டு ஆளுமை ஆய்வு மையத்தில்தான் டிமோதி லியரியும் ரிச்சர்டு ஆல்பர்ட்டும் மனமயக்கப் பொருள்களைக்கொண்டு சோதனைகள் நடத்தினர். அவற்றை மெக்லெலண்ட் வெளிப்படையாகக் கண்டித்தார். இருவரும் 1963இல் ஹார்வர்டை விட்டு நீங்க நேர்ந்தது. ஆல்பர்ட் 1967இல் இந்தியா வந்து ராம் தாஸ் என்னும் பெயர் பெற்றார். எனினும் அவரோடு கொண்ட நட்பை மெக்லெலண்ட் கைவிடவில்லை. கருத்தைக் கண்டித்தும் ஆளைத் துறக்காத இப்பண்பு, ஆயர்களாகிய நாம் குறித்துக்கொள்ளத் தக்கது.

2. கோட்பாடு

மனிதரின் ஊக்கத்தை அளப்பதற்கு அவர் தேர்ந்த கருவி கதையாகும். படமொன்றை ஒருவருக்குக் காட்டி, அதைக் குறித்துச் சிறுகதை ஒன்று எழுதச் செய்வார். கதைமாந்தர் செயலைச் செவ்வனே செய்து முடிக்க விழைகின்றனரா, தடையை வெல்ல வழி தேடுகின்றனரா என்பனவற்றை எண்ணிக் கணக்கிடுவார். ஹென்றி மர்ரே வகுத்திருந்த இச்சோதனை முறையைத் திருத்தி, 1953இல் உடன் ஆய்வாளர் மூவரோடு 'சாதனை ஊக்கம்' பற்றிய நூலை வெளியிட்டார். இவ்வூக்கம் மிக்கோர் சூதாடிகள் அல்லர். அஞ்சி ஒதுங்குவோரும் அல்லர். தம் திறமையால் விளைவை மாற்றக்கூடிய நடுத்தரத் துணிவையே நாடுவர். செய்த செயலின் பலன் யாதென உடனே அறிய விரும்புவர் என்பதே அவர் கண்டது.

1961இல் வெளிவந்த 'சாதிக்கும் சமுதாயம்' இக்கருத்தை நாடுகளுக்கும் வரலாற்றுக்கும் விரித்தது. 1925ஐ ஒட்டிய காலத்தில் 23 நாடுகளிலும், 1950ஐ ஒட்டிய காலத்தில் 40 நாடுகளிலும் சிறுவர் பாடநூல்களில் இடம்பெற்ற கதைகளைத் திரட்டி ஆராய்ந்தார். ஒரு நாடு தன் சிறாருக்குச் சொல்லும் கதைகளில் சாதனை ஊக்கம் மிகுந்திருப்பின், பின்வரும் ஆண்டுகளில் அந்நாட்டின் மின் உற்பத்தி எதிர்பார்த்ததற்கு மேலாக வளர்கிறது என்றார். மாக்ஸ் வெபர் 1904–05இல் எழுப்பிய வினாவிற்கு இவ்வாறு உளவியல் விடை ஒன்றை அமைத்தார். புராட்டஸ்டண்டு இல்லங்கள் பிள்ளைகளை இளமையிலேயே தனித்து இயங்கப் பழக்கின. அப்பழக்கம் சாதனை ஊக்கத்தை வளர்த்தது. ஊக்கம் தொழிலை வளர்த்தது என்பதே அவ்விடை.

இதில் நாம் வரவேற்க வேண்டியது ஒன்றுண்டு. குழந்தைக்குச் சொல்லப்படும் கதை ஒரு சமுதாயத்தின் எதிர்காலத்தை உருவாக்கும் ஆற்றலுடையது என்னும் உண்மையை அவர் அறிவியல் ஆய்வுக்குரிய பொருளாக்கினார். ஞாயிறு பள்ளியை எளிய வேலையென எண்ணிக் கடைசியாக வந்த இளைஞரிடம் ஒப்படைத்துவிடும் சபைகள் இதைக் கேட்க வேண்டும். வள்ளுவரும் ஊக்கமுடைமைக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். ஊக்கத்தைப் பேசுவது அந்நியச் சரக்கன்று.

ஆயினும் குறைகளும் தெளிவு. தொடக்ககால ஆய்வுகள் பெரும்பாலும் ஆண்களையே பொருளாகக் கொண்டன. பாடநூற் கதைக்கும் பொருளாதார வளர்ச்சிக்கும் அவர் கண்ட தொடர்பு, பின்வந்த ஆண்டுகளுக்குப் பொருத்திப் பார்த்தபோது உறுதிப்படவில்லை என 1970களில் ஆய்வாளர் சிலர் காட்டினர். அடிமைப்பட்ட நாட்டின் பாடநூலை யார் எழுதினர், அந்நாட்டின் மின்சாரம் யாருக்காக உற்பத்தியானது என்னும் வினாக்களையும் அவருடைய புள்ளிவிவரம் எழுப்பவில்லை.

3. காக்கிநாடாவில் நிகழ்ந்தது

ஊக்கம் இளமையிலேயே வேரூன்றுவதாயின், வளர்ந்தோரிடம் அதை விதைக்க இயலுமா? இவ்வினாவோடு மெக்லெலண்ட் இந்தியா வந்தார். ஐதராபாத்தில் இயங்கிய சிறுதொழில் விரிவாக்கப் பயிற்சி நிறுவனத்தின் துணையோடு, 1964–65இல் காக்கிநாடாவைச் சேர்ந்த ஏறத்தாழ 50 வணிகர்க்கு, குழு குழுவாகப் பத்து நாள் பயிற்சி அளிக்கப்பட்டது. ஒப்பிடுவதற்கு அருகிலுள்ள ராஜமுந்திரி நகர் தேர்ந்துகொள்ளப்பட்டது. பயிற்சி பெற்றோர் தாமே கதை எழுதி, அதிலுள்ள ஊக்கத்தைத் தாமே அளந்தறிந்தனர். வளையம் எறியும் விளையாட்டின் வழியே தம் துணிவின் தன்மையை உணர்ந்தனர். தம் மரபின் விழுமியங்களோடு புதிய இலக்குகள் முரண்படுகின்றனவா என ஆராய்ந்தனர். வரும் ஆண்டுகளுக்குரிய திட்டம் ஒன்றை ஒவ்வொருவரும் வகுத்தனர்.

விளைவுகளை மெக்லெலண்டும் டேவிட் விண்டரும் 1969இல் நூலாக வெளியிட்டனர். பயிற்சி பெற்றோர் மற்றவரைவிட மிகுதியாகப் புதிய முயற்சிகளில் இறங்கினர், முதலீடு செய்தனர், பிறர்க்கு வேலை தந்தனர். பழைய வழக்கங்களில் பற்றுடையோர் முன்னேற மாட்டார் என்னும் பொதுக்கருத்தும் அங்கே மெய்ப்படவில்லை. மரபை மதித்தவரும் தொழிலில் முனைந்தனர். கீழை நாட்டாரின் சமயமே அவர்தம் வறுமைக்குக் காரணம் என்று பேசிவந்த மேலை நாட்டு ஆசிரியர்க்கு இது நல்ல மறுமொழி. அதை மறைக்காது எழுதிய நேர்மை மெக்லெலண்டினுடையது.

அந்நூலில் மற்றொரு செய்தியும் உண்டு. நம் கருத்தில் அதுவே நூலின் உயிர்நிலை. பயிற்சியின் பயன், தம் தொழிலில் தாமே முடிவெடுக்கும் உரிமை பெற்றிருந்தவரிடமே தெளிவாக வெளிப்பட்டது. தந்தைக்கோ தமையனுக்கோ வேறொருவருக்கோ கட்டுப்பட்டுத் தொழில் செய்தவரிடம் அத்தகைய மாற்றம் தோன்றவில்லை. ஊக்கம் விதைக்கப்பட்டது மெய்யே. ஆனால் நிலம் தன் கையில் இருந்தவனுக்கே அது முளைத்தது. உள்ளத்தின் ஆற்றலை நிறுவப் புறப்பட்ட ஆய்வு, சூழலின் ஆற்றலுக்கும் சான்று கூறிவிட்டது. ஊக்கத்தைப் போதித்து வருவோரில் பலர் முதற்பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிட்டனர் என்பதே நம் முதன்மையான குற்றச்சாட்டு.

4. ஆறுமுகநேரியிலிருந்து நோக்குங்கால்

இக்கோட்பாட்டை உரைத்துப் பார்க்க நம் தூத்துக்குடிக் கடற்கரையைவிடச் சிறந்த கல் வேறில்லை. ஆறுமுகநேரியைச் சுற்றிச் சிறிது தொலைவுக்குள் பல சமுதாயங்களின் முன்னேற்றக் கதைகள் அடங்கியுள்ளன. காயல்பட்டினத்து இஸ்லாமியர் கடல் கடந்து வாணிகம் செய்து செழித்தனர். புன்னைக்காயல் முதலிய துறைகளின் பரதவர் பதினாறாம் நூற்றாண்டிலேயே கத்தோலிக்கராயினர். கடலையும் முத்துக்குளித்தலையும் நன்கறிந்தவர். நாடார் வணிகர் மகமை என்னும் பொதுநிதி சேர்த்துப் பள்ளிகளும் நிலையங்களும் கண்டனர். 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியை நிறுவினர். இந்துக்களாய் இருந்தவரும் கிறிஸ்தவராய் ஆனவரும் அச்சமுதாயத்தில் உண்டு. ஆகவே முன்னேற்றம் புராட்டஸ்டண்டு நெறியின் தனியுடைமை என இக்கரையில் வாழும் எவரும் சொல்லத் துணியார். சமணரையும் பார்சிகளையும் எண்ணி மெக்லெலண்டும் தம் கூற்றை விரித்துக்கொண்டார் என்பதை இங்கே நேர்மையோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நம் சபைகளின் வரலாறும் வேறொரு பாடம் கற்பிக்கிறது. 1830இல் ரேனியஸ் ஐயர் காலத்தில் திருநெல்வேலியில் தர்ம சங்கம் தோன்றியது. துன்புறுத்தப்பட்ட கிறிஸ்தவர்க்குக் குடியிருக்க நிலம் தேடித் தந்தது. நாசரேத்தில் 1876இல் பொறுப்பேற்ற மர்காஷிஸ் ஐயர், தாது வருடப் பஞ்சத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு விடுதி அமைத்தார். 1878இல் தொழிற்பள்ளி தொடங்கினார். 1908இல் மறையும்வரை அங்கேயே உழைத்தார். அவர்கள் ஊக்கத்தை மட்டும் போதிக்கவில்லை. தன்னூக்கம் பேசுமுன் தங்க நிலமும், கையில் தொழிலும், கற்க எழுத்தும் தந்தனர். நம் பாட்டிமார் சமைக்குமுன் எடுத்து வைத்த பிடியரிசியும் தனிமனித சாதனையன்று. கூடிச் செய்த சாதனை. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தோற்றுவித்தவர்களும் எளிய சபைமக்களின் காணிக்கையையே நம்பிப் புறப்பட்டனர். படம் காட்டிக் கதை எழுதச் சொல்லும் சோதனையில் இத்தகைய ஊக்கத்திற்கு எத்தனை மதிப்பெண் கிடைத்திருக்கும்?

இனி, உப்பளத்தை நோக்குவோம். விடியுமுன் பாத்தியில் இறங்கி உப்பு வாரும் தொழிலாளியிடம் ஊக்கம் குறைவென்று யார் சொல்லக்கூடும்? கண்ணைப் பறிக்கும் வெண்மையும், காலை அரிக்கும் உவர்நீரும், தலையைச் சுடும் வெயிலும் அவருக்கு அன்றாடம். அத்தொழிலாளருள் பெரும்பகுதியினர் பெண்கள். பாத்தி அவர்களுடையதன்று. கூலியையும் விலையையும் வகுப்பவர் அவர்களல்லர். வடகிழக்குப் பருவமழை இறங்கினால் வேலை நிற்கும். வாங்கிய முன்பணம் நிற்காது. திறமையால் விளைவை மாற்றும் நடுத்தரத் துணிவு என்று மெக்லெலண்ட் வருணித்த அந்த வெளியே அவர்கள் வாழ்வில் மிகக் குறுகியது. முத்துக்குளித்தோர் நிலையும் அத்தகையதே. எந்த ஆண்டில், எந்தப் பாரில் குளிப்பது என்பதை அரசே ஆய்ந்து அறிவித்தது. மூழ்கும் மூச்சு மட்டுமே குளிப்பவருடையது. தூத்துக்குடிக் கடலில் 1961க்குப் பின் முத்துக்குளிப்பு நின்றது. அது குளிப்போரின் ஊக்கம் குன்றியதாலன்று, பாரில் சிப்பி குன்றியதால்.

ஆகவே, காக்கிநாடா ஆய்வின் இரண்டாம் பாதியை ஆறுமுகநேரி உறுதிப்படுத்துகிறது. முடிவெடுக்கும் உரிமையின்றி ஊட்டப்படும் ஊக்கம் சிலபோது மனச்சுமையாகிறது. தோற்றவர் தம் தோல்விக்குத் தம் உள்ளத்தையே குற்றஞ்சாட்டக் கற்றுக்கொள்கிறார்.

5. இந்திய உளவியலார் தந்த மறுமொழி

இக்குறையை நம் நாட்டு அறிஞர் அக்காலத்திலேயே உணர்ந்தனர். உதய் பாரீக் 1968இல் வளர்ச்சிக்கு ஒரு வாய்பாடு வகுத்தார். சாதனை ஊக்கம் தனியே போதாது. பிறர் நலத்தில் ஈடுபடும் 'விரிவூக்கம்' அதனோடு பெருக்கப்பட வேண்டும். அப்பெருக்கத்திலிருந்து சார்ந்திருக்கும் மனப்பாங்கு கழிக்கப்பட வேண்டும் என்றார். கூட்டலன்றிப் பெருக்கல் என்பதே இதில் நுட்பம். விரிவூக்கம் சுழியாயின் சாதனை எவ்வளவு பெரிதாயினும் பெருக்கத்தின் விடை சுழியே. ஜெய் பி. பி. சின்கா அதே ஆண்டில் வெளியிட்ட சோதனையில், வளம் குறைந்த சூழலில் தனிச்சாதனையை நாடும் குழுவினரைவிட ஒத்துழைப்பை நாடும் குழுவினரே சிறந்த பயன் காண்கின்றனர் எனக் காட்டினார். வளம் நிறைந்த நாட்டிற்கு எழுதிய மருந்துச்சீட்டை வறண்ட நாட்டிற்கு அப்படியே கொடுத்தலாகாது என்பது இதனால் விளங்கும். பிடியரிசி வைத்த பாட்டி இவ்வாய்பாட்டைக் கல்லாமலே அறிந்திருந்தார்.

6. சாதனையிலிருந்து அன்புக்கு

மெக்லெலண்டும் நின்ற இடத்திலேயே நிற்கவில்லை. 1973இல் அறிவுக்கூர்மைத் தேர்வுகளை மறுத்து, ஒருவர் செய்யவல்ல திறனையே சோதிக்க வேண்டும் என எழுதினார். மதிப்பெண்ணால் ஒதுக்கப்படுவோர் சார்பில் எழுந்த குரலாகவே அதை நாம் கேட்கலாம். 1975இல் அதிகார ஊக்கத்தைக் குறித்த நூலை வெளியிட்டார். அதிகார வேட்கை இருவகைத்து. ஒன்று தன்னைப் பெருக்குவது, மற்றொன்று தன்னை அடக்கிப் பிறரை ஆற்றலுடையோராக்குவது என அங்கே பிரித்துக் காட்டினார். சபைத் தேர்தல் காலங்களில் நம் ஆயர்களும் மூப்பர்களும் இப்பகுப்பைத் தனித்திருந்து சிந்திப்பாராக.

வாழ்வின் இறுதிப் பகுதியில் அவருடைய கவனம் அன்புக்கும் உடல்நலத்திற்கும் உள்ள தொடர்பில் நிலைத்தது. கல்கத்தாவில் அன்னை தெரேசா ஆற்றிய பணியைக் காட்டும் திரைப்படத்தை மாணவர்க்குக் காண்பித்து, அவர்தம் உமிழ்நீரில் நோயெதிர்ப்புப் பொருள் உயர்வதை அளந்தார். அவ்வாய்வு 1988இல் வெளிவந்தது. சிறிய சோதனை, அதன்மீது பெருங்கோட்டை கட்டுதல் தகாது. அன்பின் மெய்ம்மைக்கு உமிழ்நீரின் சான்று தேவையுமன்று. ஆயினும் வெற்றியாளரை ஆராய்ந்து தொடங்கிய ஒருவர், இறக்கும் ஏழையின் அருகே அமர்ந்த பெண்மணியிடம் வந்து சேர்ந்த பயணம் பொருள் பொதிந்தது. பயிற்சி வகுப்புகளோ அவருடைய 1961ஆம் ஆண்டிலேயே தங்கிவிட்டன.

7. ஆயர் பணிக்குரிய முடிவுகள்

முதலாவது, புராட்டஸ்டண்டு நெறி எனப்படும் உழைப்பு நெறி அந்நெறியின் வேரையே மறந்துவிடும் அபாயம் உண்டு. மனிதன் தன் கிரியைகளால் நீதிமானாக எண்ணப்படுவதில்லை என்பதே சீர்திருத்தத்தின் அடித்தளம். சாதித்தபின் மதிப்பு என்பது உலக வழக்கு; மதிப்புப் பெற்றபின் செயல் என்பது நற்செய்தி. தேர்வில் தவறிய மாணவனின் வீட்டுக்குச் செல்லும் ஆயர் எதைக் கையில் கொண்டு செல்கிறார் என்பதில்தான் இவ்வேறுபாடு வெளிப்படும். சில வீடுகளில் அது உயிரைக் காக்கும் வேறுபாடு.

இரண்டாவது, தாலந்துகளின் உவமையை மட்டும் கொண்டு முன்னேற்றப் பிரசங்கம் செய்தல் போதாது. அங்கேயும் எஜமான் முதலில் கொடுத்தான். பின்னரே கணக்குக் கேட்டான். அதற்குச் சற்று முன்னே, மத்தேயு 20ஆம் அதிகாரத்தில், மாலைவரை சந்தைவெளியில் நின்றவர்கள் உள்ளனர். அவர்கள் சோம்பியதால் நின்றவர்கள் அல்லர். அமர்த்துவார் இன்மையால் நின்றவர்கள். இவ்விரு உவமைகளையும் சேர்த்துப் படிக்கும் சபை, உழைப்பாளியை நோக்கி முயல்க எனச் சொல்லுமுன், அவர் முயல்வதற்கு இடம் எங்கே எனக் கேட்கும். நியாயமான கூலி, மழைக்காலத் துணை, கூட்டுறவு, பிள்ளைகளின் கல்வி ஆகிய யாவும் அக்கேள்வியின் பகுதிகள்.

மூன்றாவது, அமைப்பையே குற்றஞ்சாட்டி உள்ளத்தைக் கைவிடுதலும் பிழையே. அளத்துத் தொழிலாளியின் மகள் தன்னால் கற்க இயலும் என நம்புவது சிறு காரியமன்று. அந்நம்பிக்கையை அவளுக்கு ஊட்டும் கதையைச் சொல்லும் பொறுப்பு ஞாயிறு பள்ளிக்கு உண்டு. அக்கதையில் வென்றவர் மட்டுமன்றி, வென்றபின் பிறர் கைபிடித்துத் தூக்கியவரும் இடம்பெற வேண்டும்.

மெக்லெலண்டைக் கற்போம், அவரை முழுமையாகக் கற்போம். ஊக்கத்தை விதைக்கும் கையும் நிலத்தைத் திறக்கும் கையும் ஒரே உடலின் இரு கைகளாதல் வேண்டும். ஆறுமுகநேரிச் சபையாயினும் அமெரிக்கச் சபையாயினும், ஒரு கையை மட்டும் நீட்டும் சபை தன் மக்களிடம் பாதி உண்மையே பேசுகிறது.